ராத்திரியில் ஐந்து தடவை எழுந்திருக்கிறேன்: சுகரா, பிராஸ்டேட்டா, பனியா?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். கேட்கவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் கேட்டால் சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

எனக்கு 57 வயது. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கிராமம். சொந்த நிலம் ஒன்றே முக்கால் ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். இந்தத் தை மாதம் சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு ஒன்பது ராத்திரி காவல் படுத்தேன். ஈரப்பதம் 17க்கு மேலே காட்டியது. பகலில் பரப்பிக் காய வைப்பது, பொழுது சாய்ந்தால் குவித்து மூடுவது என்று நாள் போய்விட்டது. குவியலை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில், மேலே படுதா, கையில் டார்ச். பக்கத்துக் குவியல் எனக்கு மச்சான் முறை ஆகிறவருடையது. நாலாம் நாள் காலையில் டீ குடிக்கும்போது எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "என்ன மச்சான், நீ காவல் காக்கிறது நெல்லையா, அந்தக் கருவேலங்காட்டையா? ராத்திரி பூரா டார்ச்சு அங்கேயே போயிட்டுப் போயிட்டு வருதே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரிதான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன். ஐந்து தடவை.

பனிதான் காரணம் என்று நினைத்தேன். குளிர்ந்தால் ஒண்ணுக்கு வருவது எல்லாருக்கும் உள்ளதுதானே. ஆனால் நெல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திக் கம்பளி போர்த்திப் படுத்த பிறகும் நாலு தடவைக்குக் குறையவில்லை. இது தையில் ஆரம்பித்ததே இல்லை, ஐப்பசி நடவு சமயத்திலேயே நான் எழுந்து எழுந்து போனதாகச் சொல்கிறாள் என் மனைவி. எனக்கு நினைவில்லை. போன வாரம் கொல்லைப் படியில் தூக்கக் கலக்கத்தில் கால் இடறி விழப் பார்த்தேன். பகலில் வரப்பில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்குகிறது.

பகலில் பெரிய தொந்தரவு இல்லை, ஐந்தாறு தடவை போவேன். எரிச்சல், காய்ச்சல், ரத்தம் எதுவும் இல்லை. நீர் இறங்கத் தொடங்கப் பத்து எண்ணும் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, வேகமும் முன்பு மாதிரி இல்லை. பிரஷர் மாத்திரை நாலு வருடமாகப் போடுகிறேன். போன ஆவணியில் இன்னொன்று சேர்த்தார்கள். சுகர் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது, அப்போது ஒன்றும் இல்லை என்றார்கள்.

"போன இடத்துல எறும்பு மொய்க்குதா பாரு, மொய்ச்சா சுகர்" என்கிறார் மச்சான். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு எறும்பும் இல்லை. "எங்கப்பாவுக்கு வந்த மாதிரி பிராஸ்டேட்டுதான்", அதாவது ஆண்களுக்கு நீர்ப்பையின் வாசலில் இருக்கும் அந்தச் சுரப்பி பெருத்திருக்கிறது என்பது மனைவியின் தீர்ப்பு. டாக்டரிடம் போவதற்கு முன்னால் எதைக் கவனித்துக்கொண்டு போக வேண்டும்? இந்த வயதில் இது சகஜம்தான் என்று விட்டுவிடலாமா?

பதில்: ஐயாற்றுத் தம்பி

அண்ணே, இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. சிறுநெருஞ்சில் வாங்கி இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்ற வைத்துப் படுக்கப் போகும் முன் குடியுங்கள். வாரம் இரண்டு நாள் வாழைத்தண்டு. தண்ணீரையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள், உள்ளே போனால்தானே வெளியே வரும்? எங்கள் தாத்தா 88 வயது வரை இப்படித்தான் இருந்தார்.

பதில்: மாயவரத்து லேப்காரம்மா

தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 31 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் மூத்திரத்தைப் பார்த்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதனால் இந்தப் பேச்சில் எனக்குக் கூச்சம் கிடையாது, உங்களுக்கும் வேண்டாம்.

எறும்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீரில் சர்க்கரை பார்க்க பெனடிக்ட் கரைசல்தான். டெஸ்ட் டியூபில் அந்த நீல மருந்து 5 மில்லி, அதில் ஆளுடைய நீர் 8 சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க விட வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு, நிறைய இருந்தால் செங்கல் நிறம். ஒரு லாரி டிரைவர் வந்தார், வயது முப்பத்தெட்டோ என்னவோ. இரண்டு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். தாகம் அடங்கவில்லை என்று வழியெல்லாம் கலர் பாட்டில் வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறார். குடிக்கக் குடிக்க இனிப்பு ஏறும், இனிப்பு ஏற ஏற அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு நீராக இறங்கும், இறங்க இறங்கத் தாகம் எடுக்கும், மறுபடி கலர். டியூபை விளக்கில் காட்டிய உடனே செங்கல். இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் நீலமாக நின்றவர்களுக்கெல்லாம் சர்க்கரை நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை நீரில் விடும். வெறும் வயிற்றில் 126 வந்தாலே, அதை மறுபடியும் பார்த்து உறுதி செய்து, சர்க்கரை நோய் என்கிறார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனையோ பேர் வருடக் கணக்காக நடமாடுகிறார்கள். அவர்கள் நீரில் பெனடிக்டும் ஒன்றும் காட்டாது, எறும்பும் வராது. எறும்பு மொய்த்தால் அன்றைக்கே டெஸ்டுக்குப் போங்கள். மொய்க்கவில்லை என்றால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதுவும் தை மாதப் பனியில் நடு ராத்திரி எந்த எறும்பு வெளியே வரும்? (இப்போது டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சில சுகர் மாத்திரைகள் சர்க்கரையை நீரில் தள்ளிவிடுவதையே வேலையாகச் செய்கின்றன. அதைப் போடுகிறவர் வீட்டுக் கழிப்பறையில் எறும்பு வந்தால் மருந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான்.)

இரண்டு வருடத்துக்கு முந்தைய டெஸ்டை மறந்துவிடுங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஒன்று, அதோடு மூன்று மாத சுகர் என்கிறோமே, அந்த ஹெச்பிஏ1சி. அது 6.5 வந்தால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை இருந்தால் வாசலில் நிற்கிறது என்று பொருள். கூடவே யூரின் டெஸ்ட், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகரும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். நெல் வேலை என்று தட்டிக் கழிக்க வழியில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நீங்களும் உங்கள் மச்சானும் எத்தனை தடவை என்பதைத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று யாராவது அளந்தீர்களா? அளக்காமல் இதில் ஒன்றும் சொல்ல முடியாது. விழித்திருக்கும் நேரத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை வரை போவது சாதாரணம். உங்கள் வயதில் ராத்திரி ஒரு தடவை எழுந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மொத்தமாக ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போகும். மூன்று லிட்டரைத் தாண்டினால் உடம்பே அதிக நீரைத் தயாரிக்கிறது. அப்போது சுகர், நீர் மாத்திரை, அளவுக்கு மீறிய தண்ணீர், சில சமயம் வேறு சுரப்பிக் கோளாறு என்று தேட வேண்டும். மொத்தம் சரியாக இருந்து, ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர், கால் டம்ளர் என்று போனால் கோளாறு சிறுநீர்ப் பையிலோ அதன் வாசலிலோ இருக்கிறது: கிருமி, கல், பிராஸ்டேட், அல்லது பையே பொறுமை இழந்திருப்பது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மொத்தம் சரி, ஆனால் அதில் பெரும்பங்கு ராத்திரியில் இறங்குவது. உங்கள் கதையைப் படித்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

அதனால் மூன்று நாள் அளந்து எழுதுங்கள். மணி, மில்லி, என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் தடவையையும் ராத்திரிக் கணக்கில் சேருங்கள், ஏனென்றால் அது ராத்திரி ஊறியது.

இன்னும் மூன்று கேள்வி. பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள், பெயருக்குப் பின்னால் தனியாக ஹெச் என்று போட்டிருக்கிறதா? அதை எந்த வேளையில் போடுகிறீர்கள்? சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுங்கள், குழி நிற்கிறதா? அப்புறம் உங்கள் மனைவியிடம் கேளுங்கள், குறட்டை எப்படி? நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி வருகிறதா? அந்த மாதிரிக் குறட்டைக்காரர்களுக்கும் ராத்திரி நீர் அதிகம் போகும்.

ஐயாற்றுத் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நெருஞ்சிலும் வாழைத்தண்டும் நீரை இறக்குகிற பொருள்கள். நீர் பிரியாதவருக்கு நம் பெரியவர்கள் கொடுத்தது. ராத்திரி ஐந்து தடவை எழுகிறவருக்குப் படுக்கும் நேரத்தில் கொடுத்தால் ஆறாவது தடவைக்கு நீதான் டார்ச் பிடிக்க வேண்டும். தண்ணீரையும் பாதியாக்கக் கூடாது. வெயிலில் வேலை செய்கிற உடம்பு, கல் கட்டும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குறைத்துக்கொண்டால் போதும்.

பதில்: அரசலாற்று டீச்சர்

லேப் அம்மா சொன்ன "கால் டம்ளர்" ரகம் நான். ஆண்கள் பேச்சாகவே போகிறதே என்று எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஏழே முக்கால் பஸ். பள்ளிக்கூடக் கழிப்பறை எப்படி இருந்தது என்று எழுதவில்லை, சாப்பிடும் நேரத்தில் யாராவது படிப்பீர்கள். வீடு திரும்ப ஐந்தரை. நான் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டிகிரி காபி, மதியம் இரண்டு வாய், அவ்வளவுதான். பத்து வருடம் அப்படிப் போனது.

ஒரு சித்திரை மாதம் ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுவேன், போனால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய் பட்ட மாதிரி எரிச்சல். சூடு என்று சொல்லி இளநீர், வெந்தயம், பார்லி எல்லாம் ஆயிற்று. பிறகு டாக்டரிடம் போய் ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கினேன். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றது, மீதியைப் பீரோவில் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது. இந்தத் தடவை எரிச்சல் கொஞ்சம்தான். ஆனால் பஸ்ஸிலேயே உடம்பு தூக்கிப் போட்டது, மே மாத வெயிலில் எனக்குக் குளிர். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் தொட முடியாத வலி, வாந்தி. கிருமி பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று நாலு நாள் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். இந்தத் தடவை மருந்து தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சர் எடுத்தார்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று அதில்தான் தெரியுமாம்.

இப்போது காலையில் வீட்டில் இரண்டு டம்ளர், பள்ளியில் ஒரு லிட்டர் பாட்டில் காலி. நாங்கள் ஆறு டீச்சர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் வாளியும் வாங்கினோம். வேறு வழி?

நடவுக்கு, களைக்குப் போகும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு அந்தக் கழிப்பறையும் இல்லை. ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று இருட்டும் வரை அடக்குகிறார்கள். ஒன்று மட்டும், கர்ப்பமாக இருக்கும் பெண் அடிக்கடி போவது சகஜம்தான். ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்தால் சூடு என்று சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது.

பதில்: முள்ளியாறு

அப்பாவுக்கு 71. திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஒரு வருடமாக அரை மணிக்கு ஒரு தடவை போவார். நிறையப் போகிறாரே, உடம்பில் தங்கவே இல்லையே என்று நாங்கள் நினைத்தோம். உண்மை நேர்மாறு. பிராஸ்டேட் பெருத்து வாசலை நெருக்கியதால் பை முழுதாகக் காலியாகவே இல்லை. நிரம்பிய குடத்தின் மேலே வழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிருக்கிறது.

மார்கழியில் அவருக்குச் சளி. மருந்துக் கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வேளைதான் போட்டார். மறுநாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல் மாதிரி. ராத்திரி பதினொரு மணிக்கு கார் பிடித்துத் தஞ்சாவூர் கொண்டுபோனோம். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. டியூப் போட்ட பையன் நீர் வடிந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினான். அப்பா அந்த நிமிடமே தூங்கிவிட்டார்.

சளி மாத்திரைகளில் இருக்கும் சில மருந்துகள் பிராஸ்டேட்காரர்களுக்கு வாசலை இன்னும் இறுக்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். கடையில் கேட்கும்போதே பிராஸ்டேட் இருக்கிறது என்று சொல்லி வாங்க வேண்டுமாம். அண்ணன் நீர் இறங்கத் தாமதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறார், அதனால்தான் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கும்போது, போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை (நாலு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

அளக்கப் பாத்திரம் தேடியதே ஒரு கதை. பால் அளக்கிற ஆழாக்கு 200 மில்லி, கணக்காக இருக்கும் என்று கையை நீட்டினேன். "அதைத் தொட்டீங்கன்னா இந்த வீட்ல காபி கிடையாது" என்றாள் மனைவி. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, பேரன் மருந்து ஊற்றுகிற ஊசியில்லாத சிரிஞ்சால் 50 மில்லி 50 மில்லியாகத் தண்ணீர் விட்டு, பேனாவில் கோடு போட்டேன். அரை மணி நேர வேலை. கொல்லைப்புறக் கம்பியில் மாட்டியிருக்கிறேன். மச்சான் பார்த்துவிட்டு, "பதனி இறக்கப் போறியா?" என்றார்.

இரண்டாம் நாள் கணக்கைக் கொடுக்கிறேன், மற்ற இரண்டு நாளும் ஏறக்குறைய இதேதான். காலை எட்டரைக்கு 200, பதினொரு மணிக்கு 150, ஒன்றே முக்காலுக்கு 150, நாலரைக்கு 150, ஏழுக்கு 150, படுக்கும்போது ஒன்பதரைக்கு 100. பகல் மொத்தம் 900. படுத்த பிறகு 11.20க்கு 250, 1.10க்கு 300, 2.50க்கு 250, 4.30க்கு 200, காலை ஆறே காலுக்கு 250. ராத்திரி மொத்தம் 1250. வயலில் எட்டு மணி நேரம் நிற்கிறபோது வராத நீர், சும்மா படுத்திருக்கும்போது எங்கிருந்து வருகிறது என்று எனக்கே ஆச்சரியம்.

லேப் அக்கா கேட்டதற்குப் பதில். மாத்திரை அட்டையில் டெல்மிசார்டான், பக்கத்தில் ஹெச். இதுதான் ஆவணியில் சேர்த்தது. டாக்டர் காலையில் போடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். போட்டால் வயலில் ஒண்ணுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று நானாகவே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பழைய மாத்திரை ஆம்லோடிபின். காலில் அழுத்தினேன், குழி விழுந்து நிறைய நேரம் நின்றது. சாயங்காலம் செருப்பு வார் தடம் பதிந்திருப்பதை இத்தனை நாள் சேற்று வேலை என்று நினைத்திருக்கிறேன். குறட்டை பற்றி மனைவியிடம் கேட்டேன். ரைஸ் மில் என்றாள். நடுவில் மூச்சு நிற்பதாகத் தெரியவில்லையாம்.

பதில்: மாயவரத்து லேப்காரம்மா

பாட்டிலுக்குக் கோடு போட்ட விதத்துக்கே உங்களை என் லேபில் வேலைக்கு எடுத்திருப்பேன்.

மொத்தம் 2150. அதிகம் இல்லை. லாரி டிரைவர் கதை உங்களுடையது இல்லை என்று தோன்றுகிறது, ஆனாலும் ரத்த டெஸ்டை விடாதீர்கள். ராத்திரிப் பங்கைப் பாருங்கள், பாதிக்கு மேல். உங்கள் வயதை ஒட்டியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதிகம் என்கிறார்கள்.

ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் இறக்கும் மருந்து. அதை ராத்திரி ஒன்பது மணிக்கு விழுங்கினால் அது தன் வேலையை ராத்திரி செய்யாமல் எப்போது செய்யும்? அடுத்தது கால். பகல் பூரா நிற்கிறவருக்குக் காலில் நீர் இறங்கித் தேங்கும், ஆம்லோடிபின் சிலருக்கு அந்த வீக்கத்தைக் கொடுக்கும். படுத்ததும் கால் மட்டமாகிறது, தேங்கியதெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்துக்கு வருகிறது. உங்கள் ஆச்சரியத்துக்கு அதுதான் பதில்.

ஆனால் நானே முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு காலும் வீங்கி ராத்திரி நீர் போவது இதயம் களைத்திருந்தாலும் வரும், சிறுநீரகம் தேய்ந்திருந்தாலும் வரும். நீர் நுரைத்து நுரை அடங்காமல் நிற்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் எகிறும். இந்தத் தாளை அப்படியே டாக்டர் மேஜையில் வையுங்கள். ராத்திரிக்கு மாற்றிய கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் தெரிந்து தானாக நின்றுவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், பீட்ரூட் சாப்பிட்டதாக இல்லையென்றால் அன்றைக்கே காட்டுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது. வலி இல்லாத ரத்தத்துக்குத்தான் நான் லேபில் அதிகம் பயந்திருக்கிறேன். நீர் அடியோடு நின்றுபோனாலும், டீச்சருக்கு வந்த மாதிரி குளிர்காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தாலும், திடீரென்று கால் மரத்து நீர் கட்டுப்பாடு போனாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பதில்: சென்னைவாசி 24

அக்கா, எனக்கு 24 வயது, சொந்த ஊர் மன்னார்குடி. ஆபீஸில் முக்கால் மணிக்கு ஒரு தடவை போகிறேன். சுகர், யூரின், ஸ்கேன் எல்லாம் நார்மல். ராத்திரி எழுவதே இல்லை. இன்டர்வியூ என்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

பதில்: மாயவரத்து லேப்காரம்மா

ராத்திரி எழாமல் தூங்குகிறாய் என்பதே நல்ல சேதி, உன் பை தாங்குகிறது. ஆபீஸ் மெஷினில் எத்தனை காபி? மூன்றுக்கு மேல் இருந்தால் குறைத்துப் பார். எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே போகிற பழக்கத்தை விடு. வந்தது போல இருந்தால் ஐந்து நிமிடம் தள்ளு, அடுத்த வாரம் பத்து. மெதுவாகப் பழகும். டீச்சர் மாதிரி பத்து மணி நேரம் அடக்கச் சொல்லவில்லை.

வெண்ணாற்றங்கரை (மூன்று வாரம் கழித்து)

தகவல் சொல்லாமல் விட்டால் லேப் அக்கா வீடு தேடி வந்துவிடுவார் என்று எழுதுகிறேன்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "யார் இப்படி எழுதச் சொன்னாங்க?" என்றுதான். மாத்திரையை மாற்றிய கதையைச் சொன்னேன். திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குத் திட்டே தேவலை. ஈசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள், இதயம் சரி. கிரியாட்டினின் சரி. வெறும் வயிற்றில் 112, மூன்று மாத சுகர் 6.1. நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. எறும்பு பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லி, அவரையும் இழுத்துக்கொண்டு போய் டெஸ்ட் பண்ண வைத்தேன். அவருக்குச் சாப்பிட்ட பிறகு 268! இரண்டு நாளாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சீனி போடாத டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

மனைவி சொன்னதிலும் பாதி உண்மை. ஸ்கேனில் பிராஸ்டேட் கொஞ்சம் பெருத்திருக்கிறது, போய் வந்த பிறகு பையில் 60 மில்லி மிச்சம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். சளி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்று அவரும் சொன்னார், முள்ளியாற்றுத் தம்பிக்கு நன்றி.

ஹெச் மாத்திரை காலைக்குப் போய்விட்டது. ஆம்லோடிபினுக்குப் பதில் வேறு கொடுத்திருக்கிறார். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கச் சொன்னார். திண்ணையில் படுத்துக் காலைத் தூணில் சாய்த்து வைத்திருக்கிறேன். தேங்கிய நீர் அப்போதே இறங்கிவிடுகிறது, படுக்கும் முன் இரண்டு தடவை நன்றாகப் போகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் இடுப்பில் அடியா என்று விசாரிக்கிறார்கள்.

ராத்திரி இப்போது ஒன்று, சில நாள் இரண்டு. அடுத்த மாதம் மறுபடி மூன்று நாள் அளந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதனால் பாட்டில் இன்னும் கம்பியில்தான் தொங்குகிறது. மச்சான் நேற்று வந்து, அதே மாதிரி ஒன்று தனக்கும் கோடு போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனார்.